முடிச்சுதான் பிரேக்

அன்புள்ள ஐயா,

ஏழாம் வகுப்பு படிக்கும் மகளின் அறிவியல் கண்காட்சிக்கு ரப்பர் பேண்ட் கார் செய்தோம். அட்டைப்பெட்டியில் வெட்டிய உடல், சக்கரத்துக்கு 4 பழைய சிடி, அச்சுக்கு மூங்கில் குச்சி. பேண்டைப் பின்னச்சில் முடிச்சுப் போட்டுச் சுற்றிவிட்டால் ஒன்றரை மீட்டர் ஓடி, வெடுக்கென்று நின்று, கொஞ்சம் பின்னாலும் வருகிறது. பேண்டை நான்காக்கினால் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்குகிறது. எங்கே தவறு?

கு. மா., தென்காசி

அன்புள்ள கு. மா.,

முடிச்சில்தான். பேண்ட் முழுக்க அவிழ்ந்த பிறகும் சக்கரம் சுழன்றுகொண்டுதான் இருக்கும். முடிச்சு விடாததால் பேண்ட் மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு வண்டியைப் பிடித்து இழுக்கிறது. பின்னால் வருவதும் அந்த இழுப்பில்தான்.

கட்டாதீர்கள், மாட்டுங்கள். பின்னச்சின் நடுவில் 5 மி.மீ. தீக்குச்சித் துண்டு ஒன்றைப் பல் மாதிரி நிற்கவைத்து, நூல் சுற்றிப் பசை போடுங்கள். பேண்டையே அச்சில் சுற்றவும் வேண்டாம். அது தன்மேல் தானே ஏறி அச்சைத் தடிமனாக்கிவிடும். 8 செ.மீ. நீளப் பேண்டை முன்பக்கம் மாட்டி, அதன் மறுமுனையில் பட்டம் விடும் நூலைக் கட்டுங்கள். நூல் நுனியில் சிறு வளையம். அது பல்லை எட்டும் நீளம் இருந்தால் போதும், தொய்வு கூடாது. வளையத்தைப் பல்லில் மாட்டி, சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நூல் அவிழ்ந்து முடிந்ததும் வளையம் தானாகக் கழன்றுவிடும். மிச்ச வேகத்தில் வண்டி உருண்டு போகும். பேண்ட் 20 செ.மீ. கூடுதலாக நீள இடம் வேண்டுமல்லவா? அதனால் உடல் 32 செ.மீ. இருக்கட்டும். அட்டையின் வரிகள் நீளவாக்கில் ஓட வேண்டும், இல்லையென்றால் இழுப்பில் மடங்கும். பின்விளிம்பின் நடுவில் 4 செ.மீ. வெட்டிவிட்டால் நூல் சுற்றும் இடம் கிடைக்கும்.

இனி கணக்கு. 3 மி.மீ. குச்சியின் சுற்றளவு ஏறத்தாழ 9.4 மி.மீ. 20 செ.மீ. நூல் என்றால் 21 சுற்று. சிடியின் விட்டம் 12 செ.மீ., ஒரு சுற்றுக்கு 37.7 செ.மீ. ஆக, நூல் இழுக்கும் தூரம் மட்டுமே கிட்டத்தட்ட 8 மீட்டர். ஆனால் தூரம் கூடும் அளவுக்கு உந்துவிசை குறையும்: பேண்டின் இழுப்பில் நாற்பதில் ஒரு பங்குதான் தரையைச் சேரும். வண்டி கிளம்பத் திணறினால் இன்னொரு பேண்டைச் சேர்க்காமல், அச்சில் டேப் சுற்றி 6 மி.மீ. ஆக்குங்கள். விசை இரட்டிப்பாகும், தூரம் 4 மீட்டராகும். உங்கள் மகள் கண்காட்சியில் விளக்க வேண்டியதே இந்தப் பேரம்தான். பேண்டுகளை அருகருகே போட்டால் இழுப்பு கூடும். ஒன்றோடொன்று கோத்தால் நீளம்தான் கூடும்.

வழுக்கலுக்குக் காரணம் சிடியின் வழவழப்பான விளிம்பு. பெரிய பலூனிலிருந்து 2 செ.மீ. அகல வளையம் வெட்டி, பின்சக்கரங்களின் விளிம்பில் இழுத்து மாட்டுங்கள்.

சிடியின் நடுத்துளை 15 மி.மீ., குச்சியோ 3 மி.மீ. இங்கேதான் பலர் வண்டியைக் கோணலாக்குகிறார்கள். சோடா பாட்டிலின் பிளாஸ்டிக் மூடியின் சரியான மையத்தில் சூடான ஊசியால் துளையிட்டு, அந்த மூடியைச் சிடியில் ஒட்டுங்கள். ஃபெவிகால் இந்த வழவழப்பில் பிடிக்காது. சூட்டுப் பசை பிடிக்கும். குச்சி மூடியில் இறுக்கமாகவும், அச்சைத் தாங்க உடலின் அடியில் ஒட்டும் ஸ்ட்ராவுக்குள் தாராளமாகவும் இருக்க வேண்டும். ஸ்ட்ரா பக்கத்தில் உடனடிப் பசை வேண்டவே வேண்டாம். ஒரு சொட்டு உள்ளே இறங்கினாலும் அச்சு இறுகிவிடும்.

பேண்டை மாட்டும் முன் வெறும் வண்டியைத் தரையில் தள்ளிப் பாருங்கள். ஒரு பக்கமாக வளைந்தால் இரண்டு ஸ்ட்ராக்களும் இணையாக இல்லை. இரு ஓரங்களிலும் இடைவெளியை அளந்து திருத்துங்கள்.

காலையிலேயே சுற்றிவைத்துவிட்டு நடுவர்கள் வரக் காத்திருக்காதீர்கள். இழுத்தே வைத்த ரப்பர் தளர்ந்துவிடும். அவர்கள் பக்கத்து மேசைக்கு வந்ததும் சுற்றத் தொடங்கினால் போதும்.