மாத்திரை வந்து சேரும் வழி

அன்புள்ள ஐயா,
என் தம்பி டான்சானியாவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். அங்கே ஊருக்குள் சுகாதார நிலையம் இருக்கிறதாம், ஆனால் பாதி நாள் மருந்து இருக்காதாம். நம் அரவிந்த் கண் மருத்துவமனை செய்ததை அங்கேயும் செய்தால் போதாதா? பணமில்லாத நாட்டுக்கு அதைவிட நல்ல வழி உண்டா?
ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

அரவிந்தை விட்டுவிட்டு மதுரைக்காரர்களால் இதைப் பேச முடியாது, சரிதான். டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வுபெற்ற பிறகு 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கியது. இலவச சிகிச்சையைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அங்கே பெரிதாகப் படுவது வேலையைப் பிரித்த விதம். கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, பார்வை அளப்பதிலிருந்து ஆபரேஷனுக்குத் தயார் செய்வதுவரை அவர்களிடம் விட்டார்கள். டாக்டர் ஒருவருக்கு முடிப்பதற்குள் பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராக இருப்பார். கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகாததால் 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி லென்ஸையும் இங்கேயே செய்தார்கள்.

ஆனால் கண்புரை ஒரு தடவையோடு முடிகிற வேலை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஆயுசு முழுக்க மாத்திரை வேண்டும். உங்கள் தம்பி சொல்வது அந்தச் சிக்கல். அதற்கு நான் காட்டுவது, யாரும் பாராட்டுவிழா நடத்தாத ஒரு மருந்துக் கிடங்கை.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் அமைந்தது. மாநிலத்து அரசு ஆஸ்பத்திரிகளுக்கான மருந்தை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு, கம்பெனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் பெயரில், தயாரிப்பாளரிடமே வாங்குகிறார்கள். அவ்வளவு மொத்தமாக வாங்கினால் விலை இறங்காமல் என்ன செய்யும்? வந்த சரக்கில் மாதிரி எடுத்து, யார் தயாரித்தது என்று தெரியாதபடி ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அப்புறம் மாவட்டக் கிடங்கு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக், அதில் இவ்வளவு ரூபாய்க்கு என்று ஒதுக்கீடு. எடுக்க எடுக்கக் கழித்துக்கொண்டே வருவார்கள். எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்பதை ஆஸ்பத்திரியே முடிவுசெய்யும்; சென்னையிலிருந்து வேண்டாத மருந்தைத் தலையில் கட்ட முடியாது.

தட்டுப்பாடே வருவதில்லை என்று சொன்னால் உசிலம்பட்டிப் பக்கம் என்னை அடிக்க வருவார்கள். இருந்தாலும் கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்களுக்கென்று கழகம் அமைத்தன. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது என்றால், பின்னால் இப்படி ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருந்ததும் ஒரு காரணம். டாக்டர் வெங்கடசாமி மாதிரி ஒருவர் பிறந்து வரும்வரை எந்த நாடும் காத்திருக்க முடியாது. பாஸ்புக்குக்கு அப்படி யாரும் வேண்டாம், கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் போதும்.

தம்பியிடம் கேட்டுச் சொல்லுங்கள்: அங்கே மருந்து வாங்கவே இல்லையா, வாங்கியது கிடங்கில் கிடக்கிறதா, வண்டி இல்லாமல் நிற்கிறதா? அவர் கணக்குப் பார்ப்பவர், கண்டுபிடித்துவிடுவார்.