கொட்டகைப் பூனை கிட்ட வர என்ன செய்ய வேண்டும்?

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். வெளிநாட்டில் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். கொட்டகையில் ஆறு பூனைகள், ஆள் நுழைந்தாலே பரணுக்கு ஏறி ஒளிந்துகொள்கின்றன. பால் வைத்தால் ஆள் போன பிறகு குடிக்கின்றன. ஒன்றைத் தூக்கப் போய்க் கையில் கீறல். ஒன்றுக்குக் காது நுனியே இல்லை. சாப்பாடு போட்டால் எலி பிடிக்காது என்கிறார் முதலாளி. குளிர்காலமும் நெருங்குகிறது.

முதலில் அந்தக் கையைப் பாருங்கள். கீறலோ கடியோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். கீறலைவிடக் கடி ஆபத்தானது. பூனைப் பல் ஊசி மாதிரி. வெளியே சின்னத் துளைதான் தெரியும், கிருமி ஆழத்துக்குப் போய்விட, மேல்தோல் சீக்கிரமே மூடிக்கொள்ளும். ஒரே நாளில் கை வீங்கிச் சிவந்துவிடலாம். விரல் மூட்டிலோ மணிக்கட்டிலோ பல் பட்டிருந்தால் வீங்கட்டும் பார்ப்போம் என்று இருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்பார். ரேபிஸ் இருக்கும் இடமென்றால் அதற்கும் ஊசி தேவையா என்று அவரே சொல்வார். புது நாட்டில் மருத்துவரிடம் போகத் தயங்கி நாளைக் கடத்துவது நம்மில் நிறையப் பேருக்கு உள்ள பழக்கம். இந்த விஷயத்தில் அது கூடவே கூடாது.

அடுத்து, ஆறையும் ஒரே மாதிரி எண்ண வேண்டாம். பண்ணைகளில் பொதுவாக இரண்டு வகை கலந்திருக்கும். யாரோ வீட்டில் வளர்த்துக் கைவிட்டவை ஒரு வகை. கொட்டகையிலேயே பிறந்து மனிதக் கை படாமலே வளர்ந்தவை இன்னொரு வகை. ஒரு குட்டி மனிதரைப் பழகிக்கொள்ளும் காலம் ஏறக்குறைய 2 முதல் 7 வார வயது வரைதான். அந்தச் சமயத்தில் யாரும் தொடாமல் வளர்ந்துவிட்டால், பெரிதான பிறகு அதன் கணக்கில் நாம் கொல்ல வரும் பெரிய விலங்கு. வீட்டில் இருந்த பூனையை அடையாளம் காண்பது சுலபம். வாலை நேராகத் தூக்கிக்கொண்டு வரும், முகத்தைப் பார்க்கும், நம்மைப் பார்த்துக் கத்தும். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் போடுவது குறைவு. அது பெரும்பாலும் மனிதரிடம் பேசுகிற சத்தம். கொட்டகையில் பிறந்தது சத்தமே போடாமல் தரையோடு பதுங்கிச் சுவரோரமாகவே போகும். முதல் வகை சில வாரங்களில் காலை உரசும். இரண்டாவதுக்குப் பல மாதம் ஆகும், சில பூனைகள் கடைசிவரை தொடவே விடாது. நீங்கள் ஒரு மீட்டர் தள்ளி நிற்கும்போது ஓடாமல் சாப்பிட்டாலே அது உங்களை நம்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காது நுனி இல்லாதது காயமாக இல்லாமலும் இருக்கலாம். ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருந்தால், கருத்தடை முடிந்தது என்பதற்கு மருத்துவர் வைத்த அடையாளம். சண்டையில் கிழிந்த காது கோணல்மாணலாக இருக்கும்.

முதலாளி சொல்வது தவறு, ஆனால் அதை வாதாட்டமாக ஆக்காமல் எடுத்துச் சொல்லுங்கள். வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும், அது பசியால் மட்டும் வருகிற பழக்கமல்ல. பட்டினி கிடக்கிற பூனை இரை தேடி வெகுதூரம் போய்விடும். சாப்பாடு கிடைக்கிற பூனை கொட்டகையையே சுற்றிக் கிடக்கும், எலியும் அங்கேதானே இருக்கிறது.

பாலை நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது, வயிற்றால் போகும். பதிலாகப் பூனைக்கென்று விற்கிற உலர் உணவை வையுங்கள். 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 60 கிராம் அளவு போதும், கடுங்குளிரில் கால் பங்கு கூட்டுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு, அதனால் நம் சமையலில் மிஞ்சியதைப் போட வேண்டாம். ஆறு பூனைக்கு ஏழு தட்டு வையுங்கள், ஒரு தட்டுக்கும் அடுத்ததுக்கும் ஒரு மீட்டராவது இடைவெளி வேண்டும். ஒரே பெரிய தட்டாக வைத்தால் பலமுள்ள கடுவன் நடுவில் உட்கார்ந்துகொள்ளும், பயந்த பூனை கடைசிவரை பசியோடு பரணில் இருக்கும். பிறகு அதை எப்படிப் பழக்குவது? தண்ணீரைச் சாப்பாட்டிலிருந்து தள்ளி வையுங்கள். 30 நிமிடத்தில் தட்டுகளை எடுத்துவிட வேண்டும். இரவில் மிச்சம் கிடந்தால் நரியும் எலியும் வரும், அப்புறம் பூனை அந்த இடத்துக்கே வர அஞ்சும்.

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பூனையை நாம் பழக்குவதில்லை. நாம் என்ன செய்வோம் என்று அது முன்கூட்டியே தெரிந்துகொள்கிற அளவுக்கு ஒரே மாதிரி நடந்துகொள்கிறோம், அவ்வளவுதான். அதே நேரம், அதே வாசல், அதே சட்டை, அதே பூட்ஸ், அதே அழைப்பு. டப்பாவை மூன்று முறை குலுக்குவதாக இருந்தால் தினமும் மூன்று முறைதான். முதல் வாரம் தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விடுங்கள். குலுக்கும் சத்தம் கேட்டதும் பரணில் தலைகள் தெரியத் தொடங்கினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

ஒவ்வொரு பூனைக்கும் ஒரு ஓட்ட எல்லை உண்டு. அதற்குள் நீங்கள் வந்தால் அது ஓடிவிடும். அந்த எல்லைக்கு வெளியே உட்கார்ந்து தொடங்க வேண்டும். 5 மீட்டரில் ஆரம்பியுங்கள். கவிழ்த்த வாளியில் உட்காருங்கள், நின்றால் நீங்கள் மலை. உடலைப் பக்கவாட்டில் திருப்பி, கைகளை மடியில் வைத்து, 15 அல்லது 20 நிமிடம் இருங்கள். தாழ்ந்த குரலில் ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள். தமிழிலேயே பேசலாம், பூனைக்கு வேண்டியது தினமும் ஒரே தொனி. அது கதவுக்கும் பரண் ஏணிக்கும் போகிற வழியை மறித்து உட்காரக் கூடாது. தப்பிக்க வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் அது அங்கே நிற்கும்.

அது நிம்மதியாகச் சாப்பிட்டால், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வாளியை 30 சென்டிமீட்டர் முன்னால் போடுங்கள். மெல்வதை நிறுத்தித் தலையைத் தூக்குகிறதா, காது பக்கவாட்டில் விரிகிறதா, வால் நுனி துடிக்கிறதா என்று கவனியுங்கள். ஏதாவது ஒன்று தெரிந்தால் அன்றைக்கு அது போதும். ஓடிவிட்டதென்றால் அடுத்த நாள் ஒரு மீட்டர் பின்னால் போய், அங்கே மூன்று நாள் இருந்துவிட்டு மறுபடி முன்னேறுங்கள். நேராக முறைத்துப் பார்ப்பது பூனைக்கு மிரட்டல். பார்வை சந்தித்துவிட்டால் கண்ணை மெதுவாகப் பாதி மூடித் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். இப்படிக் கண் சிமிட்டிய ஆளிடம் பூனைகள் அதிகம் நெருங்கி வருகின்றன என்று சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அது வீட்டுப் பூனைகளிடம் செய்த ஆய்வுதான், ஆனாலும் கொட்டகையில் செய்து பார்க்கத் தகுந்தது.

தட்டு உங்கள் காலடிக்கு வந்த பிறகு நீளமான மரக் கரண்டி. நுனியில் பட்டாணி அளவு இறைச்சிப் பசை தடவி, தரையை ஒட்டி நீட்டுங்கள். பூனை கழுத்தை மட்டும் நீட்டும். பின்னங்கால் இரண்டும் ஓடத் தயாராகப் பின்னாலேயே ஊன்றியிருக்கும். மீசை முன்னோக்கி விரியும், மூக்கு நுனி ஆடும். ஒரு நக்கு, ஒரு பின்வாங்கல், மறுபடி ஒரு நக்கு. கரண்டி அசையவே கூடாது. நாளாக ஆகக் கரண்டியை அதன் நுனிக்கு இன்னும் கிட்டத்தில் பிடியுங்கள், கடைசியில் மடக்கிய விரல் முட்டியை அதன் மூக்கு உயரத்தில் வையுங்கள். அதுவாகக் கன்னத்தை உரசினால் கன்னத்தையும் தாடைக்குக் கீழேயும் மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். இன்னும் வேண்டுமென்றால் அதுவே வரும். தலைக்கு மேலிருந்து கை இறங்கக் கூடாது. வயிறு, வாலடி, பாதம் எதையும் தொட வேண்டாம்.

எங்கே கெடுகிறது என்று கேட்டால், பெரும்பாலும் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் நாளில்தான். உரசத் தொடங்கிய சந்தோஷத்தில் தூக்கிவிடுவோம். தூக்குவது பூனைக்குப் பிடிபட்டதற்குச் சமம், ஆறு வார வேலை ஒரு நொடியில் போய்விடும். ஆள் மாற்றி ஆள் சாப்பாடு போடுவது, நாயைக் கூட்டிக்கொண்டு போவது, வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போவது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் தாமதமாகப் போவது, இவையும் அப்படித்தான்.

இதற்கிடையில் கருத்தடையைத் தள்ளிப்போட வேண்டாம். பழகட்டும், பிறகு தூக்கிக்கொண்டு போகலாம் என்று காத்திருந்தால் ஆறு பூனை பதினைந்து ஆகிவிடும். பெட்டை 4 மாதத்திலேயே சினையாகலாம், சினைக்காலம் ஏறக்குறைய 9 வாரம், பால் கொடுக்கும்போதே அடுத்ததும் உருவாகும். மூன்று நிறம் கலந்தது ஏறத்தாழ எப்போதும் பெட்டைதான், அதிலிருந்து தொடங்குங்கள். பூனைப் பொறிக்கூண்டைக் கால்நடை மருத்துவமனைகளும் விலங்கு நல அமைப்புகளும் பல இடங்களில் இரவல் தருகின்றன. பத்து நாள் கூண்டுக் கதவைக் கம்பியால் கட்டித் திறந்தே வைத்து உள்ளேயே சாப்பாடு வையுங்கள். பிடிக்கிற நாளுக்கு முந்திய நாள் உணவை நிறுத்துங்கள், தண்ணீர் இருக்கட்டும். கடைசியில் வாசனை தூக்கலான மீனைக் கூண்டின் கோடியில் வைத்துக் கதவைத் தயார் செய்யுங்கள். கண்காணிக்காமல் விட்டுப் போகக் கூடாது. கதவு விழுந்ததும் துணியால் முழுதாக மூடுங்கள், இருட்டில் மோதுவதை நிறுத்திவிடும். முலை வீங்கிப் பால் சுரக்கும் பெட்டையாக இருந்தால் குட்டிகள் எங்கோ காத்திருக்கின்றன, மருத்துவரிடம் கேட்காமல் கொண்டுபோக வேண்டாம். திரும்பி வந்த பூனை சில நாள் முறைக்கும். சாப்பாட்டு நேரம் மாறாமல் இருந்தால் பெரும்பாலும் பழைய இடத்துக்கே வந்துவிடும். ரேபிஸ் தடுப்பூசியையும் குடற்புழு மருந்தையும் அதே மயக்கத்தில் கொடுக்கச் சொல்லுங்கள், மறுபடி எப்போது கையில் சிக்குமோ தெரியாது.

குட்டிகள் கிடைத்தால் அது வேறு கணக்கு. தானாகச் சாப்பிடத் தொடங்கிய 5, 6 வாரக் குட்டியைச் சின்ன அறையில் வைத்து, நாளுக்கு நாலைந்து முறை கையில் உணவு கொடுத்துத் தொட்டுப் பழக்கினால், இரண்டு வாரத்தில் மடியில் தூங்கும். 4 மாதம் தாண்டிய குட்டியிடம் இந்த வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

குளிருக்கு ஒரு பெட்டி. பிளாஸ்டிக் பெட்டி, உட்பக்கம் 2.5 சென்டிமீட்டர் தெர்மோகோல், 15 சென்டிமீட்டர் அகல வாசல், தரையிலிருந்து செங்கல் மேல் உயர்த்தி, வாசல் காற்று வந்து மோதாத பக்கமாக. இரண்டு பூனை நெருங்கிப் படுக்கிற அளவுக்கு மேல் பெரிதாக வேண்டாம், உடல் சூடு தங்காது. உள்ளே போர்வை போடாதீர்கள், ஈரத்தை உறிஞ்சி உறைந்துவிடும். வாங்கும்போது ஸ்ட்ரா என்று கேளுங்கள், ஹே என்று கேட்டுவிடாதீர்கள். ஸ்ட்ரா தானியம் எடுத்த பிறகு மிஞ்சும் காய்ந்த தண்டு, உள்ளே குழல், ஈரம் பிடிக்காது. ஹே மாட்டுக்குப் போடும் உலர்ந்த புல், ஈரம் இழுத்துப் பூஞ்சை பிடிக்கும். தண்ணீர் உறைந்துவிடுகிறதா என்று காலையும் மாலையும் பாருங்கள்.

பண்ணையில் பூனையைக் கொல்லும் சாமான்கள் சில. வண்டி ரேடியேட்டரில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் ஒரு தேக்கரண்டியே போதும், சிந்தினால் உடனே துடையுங்கள். எலி விஷம் தின்ற எலியைத் தின்றால் பூனையும் பாதிக்கப்படும். மாட்டுக்கோ நாய்க்கோ உண்ணி போகத் தடவும் பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு நஞ்சு, நாய் மருந்தில் கொஞ்சம் போடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பாரசிட்டமால் ஒரு மாத்திரையே கொல்லும். பண்ணையில் ஆடும் இருந்தால் தீவன மூட்டையை மூடி வையுங்கள். பூனை மலம் கலந்த தீவனத்தால் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றிச் சினை ஆடுகளுக்குக் கரு கலையும். கர்ப்பிணிகளும் அந்த மலத்தை அள்ளக் கூடாது.

குளிர்காலக் காலைகளில் டிராக்டர் பானட்டை இரண்டு முறை பலமாகத் தட்டி, அரை நிமிடம் நின்ற பிறகே சாவியைத் திருப்புங்கள். முந்திய மாலை ஓடிய இஞ்சினின் சூட்டுக்கு உள்ளே பூனை போய்ப் படுத்திருக்கும்.