ஆர்தர் வார்ட்டன்: கேள்வி பதில்

கேள்வி: விக்டோரியா காலத்தில் கால்பந்து, கிரிக்கெட் இரண்டையும் ஒருவரே ஆடியது அபூர்வமா?

பதில்: இல்லை. குளிர்காலத்தில் கால்பந்து, கோடையில் கிரிக்கெட் என்று நிறையப் பேர் ஆடினார்கள். ஆல்பிரட் லிட்டில்டன் இரண்டிலும் இங்கிலாந்துக்கே ஆடினார். ஆனால் அவர் பிரபு வீட்டுப் பிள்ளை. என் மனசுக்கு நெருக்கமானவர் ஆர்தர் வார்ட்டன். அவருக்கு ஆட்டம்தான் பிழைப்பு.

கேள்வி: எந்த ஊர்க்காரர்?

பதில்: இன்றைய கானாவின் அக்ரா. பிறந்தது 1865. அப்பா கிரெனடாவிலிருந்து வந்த மெதடிஸ்ட் பாதிரியார், அம்மா அந்த ஊர்ப் பக்கத்து ஃபான்டி இனத்தின் அரச குடும்பம். இவரும் மத ஊழியத்துக்குப் படிக்கத்தான் இங்கிலாந்து வந்தார். டார்லிங்டனில் கோல்கீப்பர் ஆகிவிட்டார்!

கேள்வி: ஓட்டக்காரர் என்கிறார்களே?

பதில்: ஆமாம். 1886-இல் லண்டன் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் 100 கஜத்தை 10 வினாடியில் ஓடி சாம்பியன் ஆனார். அடுத்த சில மாதங்களில் பிரஸ்டன் நார்த் எண்ட் அணியோடு இங்கிலாந்து கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் அரையிறுதி வரை போனார்.

கேள்வி: அவ்வளவு வேகக்காரரைக் கோலிலா நிறுத்துவது?

பதில்: அன்றைய கீப்பர் வேலையே வேறு. 1912 வரை தன் பாதி மைதானம் முழுக்கப் பந்தைக் கையாளலாம். அப்புறம், 1880-களில் எதிரணிக்காரர்கள் கீப்பரை இடித்தே தள்ளுவார்கள். கால் வேகமும் உடம்பு உரமும் வேண்டும். ஒருமுறை வார்ட்டன் கோலின் மேல்கம்பத்தைப் பிடித்துத் தொங்கி, பந்தைக் கால்களுக்கு நடுவே பிடித்தாராம். பல பத்தாண்டுகள் கழித்து ஒரு ரசிகர் பத்திரிகைக்கு இதை எழுதினார்.

கேள்வி: முதல் கறுப்பினக் கால்பந்து வீரர் இவர்தானே?

பதில்: அது ஆண்ட்ரூ வாட்சனை மறந்துவிட்டுச் சொல்வது. அவர் 1881-லேயே ஸ்காட்லாந்து கேப்டனாக இங்கிலாந்தை 6-1 என வென்றவர். 1889-இல் ராதரம் டவுன் கிளப் சம்பளம் கொடுத்துச் சேர்த்த வார்ட்டனை, முதல் கறுப்பினத் தொழில்முறை வீரர் என்று சொல்வதுதான் வழக்கம்.

கேள்வி: கிரிக்கெட்?

பதில்: யார்க்ஷயர், லங்காஷயர் பக்கத்து கிளப்புகளுக்குச் சம்பளத்துக்கு ஆடினார்.

கேள்வி: கடைசிக் காலம்?

பதில்: எழுதவே கஷ்டமாக இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத்தில் கூலி வேலை. 1930-இல் இறந்தார். எட்லிங்டனில் பெயர்க்கல்கூட இல்லாமல் புதைத்தார்கள். 1997-இல்தான், இனவெறிக்கு எதிரான ஷெஃபீல்ட் அமைப்பு ஒன்று முயற்சி எடுத்து, கல் நாட்டியது. 2014-இல் இங்கிலாந்து அணியின் பயிற்சி மையமான செயின்ட் ஜார்ஜஸ் பார்க்கில் சிலையும் வந்தது. பந்தைத் தட்டிவிட எம்பும் கோலத்தில் நிற்கிறார்.