தலைவலி மாத்திரை: எண்ணிக்கையைவிட நாள் கணக்கு முக்கியம்

கேள்வி: தினம் ஒரே ஒரு பாராசிட்டமால்தான் போடுகிறேன். அதற்கே தலைவலி கூடுமா?

பதில்: கூடும். ஒரு நாளில் மூன்று போட்டாலும் கணக்கில் அது ஒரு நாள்தான். தினம் ஒன்று போட்டால் மாதம் முழுக்கக் கணக்கில் ஏறுகிறது. பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவற்றை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் கூடுதலாகப் போட்டால் மாத்திரையே தலைவலியை வளர்த்துவிடலாம். ஒற்றைத் தலைவலிக்குத் தரும் டிரிப்டான், எர்காட், அபின் வகை வலிநிவாரணியான ஓபியாய்டு, காஃபீன் சேர்ந்த கூட்டு மாத்திரை என்றால் மாதம் 10 நாளே எல்லை. வாரம் இரண்டு நாளோடு நிறுத்திக்கொண்டால் பயமில்லை.

கேள்வி: மூட்டுவலிக்குத் தினம் மாத்திரை போடுகிறேன். எனக்கும் வருமா?

பதில்: ஏற்கெனவே தலைவலித் தொந்தரவு இருப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் வருகிறது.

கேள்வி: சளி மாத்திரையும் கணக்கில் சேருமா?

பதில்: அட்டையின் பின்புறத்தைப் பாருங்கள். பாராசிட்டமால் என்று இருந்தால் சேரும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் எல்லாம் சேர்த்து 4 கிராம்தான் உச்சம்; கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் அதைவிடக் குறைவு. இரண்டு அட்டையிலும் ஒரே மருந்து இருப்பதைக் கவனிக்காமல் கல்லீரலைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. தயவுசெய்து படித்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: ஒரேயடியாக நிறுத்தலாமா?

பதில்: சாதாரண வலி மாத்திரையையும் டிரிப்டானையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஒரே நாளில் நிறுத்தலாம். ஓபியாய்டையும் தூக்க மாத்திரையையும் அப்படி நிறுத்தவே கூடாது. மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நிறுத்தியதும் தலைவலி முதலில் ஏறும். கூடவே குமட்டல், தூக்கமின்மை, படபடப்பு வரும். பலருக்கு 2 முதல் 10 நாளில் அடங்கும். சிலருக்கு வாரக்கணக்கில் இழுக்கும். 'மாத்திரை இல்லாமல் முடியாது போலிருக்கிறது' என்று மறுபடி தொடங்குவது இந்த நாட்களில்தான். அதனால் வேலைப்பளு குறைந்த வாரமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

தலைவலி வராமல் தடுக்கும் டோபிரமேட், அமிட்ரிப்டிலின், புரோப்ரனலால் போன்ற மருந்தையும் மருத்துவர் தொடங்கலாம். அது வேலை செய்கிறதா என்று தெரியவே 6 முதல் 8 வாரமாகும். பத்தே நாளில் கைவிடாதீர்கள். ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், புரோப்ரனலால் ஆகாது.

கேள்வி: மருத்துவரிடம் என்ன கொண்டுபோக வேண்டும்?

பதில்: சுவர்க் காலண்டரே போதும். வலித்த நாளில் 'வ', மாத்திரை போட்ட நாளில் 'மா' என்று எழுதி, மருந்தின் பெயரையும் குறியுங்கள். ஆனால் நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் இருந்தால் காலண்டரைத் தேட வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.