இரவு பகல் பாராமல் (கடிதம்)

அன்புள்ள அக்காவுக்கு,

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் சின்னம்மா ஜே.பி.எச்.என். (இளநிலைப் பொது சுகாதாரச் செவிலியர்) ஆக இருந்து வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறார். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அவர் கையால் ஊசி போட்டு வளர்ந்தவர்கள். போன மாதம் ஒரு விழாவில் பொது சுகாதாரத்தில் சிறந்த சேவைக்கான விருதை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். தன்னலம் கருதாமல், இரவு பகல் பாராமல் உழைத்த சின்னம்மாவை யாரும் நினைக்கவில்லை. தமிழ்க்காரர் என்பதாலா? அல்லது இந்த விருதெல்லாம் டாக்டர்களுக்குத்தானா? அவருக்காக ஒரு பரிந்துரைக் கடிதம் எழுத ஆசை. எப்படி எழுதினால் எடுபடும்?

ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

சின்னம்மாவுக்கு முதலில் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சில நாட்களாக விருதுகளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

தமிழ்க்காரர் என்பதாலா என்று கேட்கிறீர்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சித்தூர் தாலூக்காவில் எது நடந்தாலும் முதலில் இந்தக் காரணத்தைத் தேடுவது நமக்குப் பழகிவிட்டது, விடுங்கள். டாக்டர்களுக்கு மட்டும் என்பதும் சரியில்லை. செவிலியர்களுக்கென்றே ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் 1973 முதல் தேசிய விருது இருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். "இரவு பகல் பாராமல்" என்று எழுதியிருக்கிறீர்களே, ஏன் இரவிலும் போக வேண்டியிருந்தது என்று ஒருநாளாவது அவரிடம் கேட்டிருக்கிறீர்களா? சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு சப் சென்டர் (துணை சுகாதார நிலையம்) என்பது அரசே வகுத்த கணக்கு. பக்கத்து சப் சென்டரில் ஆள் இல்லையென்றால் அந்த 5,000 பேரும் இவர் தலையில்தான். விருதுப் பத்திரத்தில் இரவு பகல் பாராமல் என்று வாசித்தால், அங்கே இன்னொருவரை நியமித்திருக்க வேண்டும் என்று புரிந்துகொள்ளுங்கள். சொந்தக் காசில் ஆட்டோ பிடித்து கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் என்றால் வண்டி வரவில்லை. லீவே எடுக்காதவர் என்றால் அவர் லீவு போட்டால் பார்க்க ஆளில்லை. அரசு செய்யாமல் விட்டதையெல்லாம் ஒரு பெண் தன் முதுகில் சுமந்திருக்கிறாள், அதை ஃப்ரேம் போட்டு அவள் கையிலேயே கொடுக்கிறார்கள், நாமும் கீழே உட்கார்ந்து கைதட்டுகிறோம். தன்னலம் கருதாமல் என்று நீங்கள் எழுதியதும் இதில்தான் சேரும். அவருக்குத் தன்னலம் இருக்கட்டுமே தம்பி! முட்டி வலிக்கு வைத்தியம் பார்க்கவும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடவும் அவருக்கு நேரம் வேண்டாமா?

வீடு வீடாகப் போய்ச் சுகாதார வேலை பார்க்கும் ஆஷா தொழிலாளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷாக்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு உலகளாவிய சுகாதாரத் தலைவர்களுக்கான விருதை அறிவித்தது. உண்மையிலேயே பெரிய கௌரவம், எனக்கும் கண் கலங்கியது. மூன்று வருடம் கூட ஆகவில்லை, 2025 பிப்ரவரி 10 அன்று இதே கேரளத்தில் ஆஷாக்கள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அப்போது மாத மதிப்பூதியம் 7,000 ரூபாய், கேட்டது 21,000. வெயிலிலும் மழையிலும் கிடந்து, ஐம்பதாவது நாள் சிலர் தலைமுடியை வெட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குத் தருவதைச் சம்பளம் என்று சொல்ல அரசுக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அவர்கள் தன்னார்வலர்களாம். பாராட்டு மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

சின்னம்மா போன்றவர்கள் செய்கிற வேலையின் அருமை எனக்குத் தெரிந்த விதத்தைச் சொல்கிறேன். என் மகளுக்கு ஊசி போட ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீக்கிரமே போய்விட்டேன். அங்கே ஒரு நர்ஸ் சேச்சி ஃப்ரீசரிலிருந்து ஐஸ் பேக்குகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருந்தார். பேக்குகளின் மேலே வியர்த்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கினார், திருப்பி வைத்தார். மறுபடியும் எடுத்தார், குலுக்கினார். உள்ளே தண்ணீர் அசைகிற சத்தம் கேட்ட பிறகுதான் அதை மருந்து கொண்டுபோகிற கேரியர் பெட்டிக்குள் வைத்தார். நான்கு பேக்குகளுக்கும் இதே கதை. எனக்கோ பொறுமையில்லை, குழந்தை அழுகிறது. ஏன் சேச்சி இவ்வளவு நேரம் என்று கேட்டேன். கல் மாதிரி உறைந்த ஐஸை ஒட்டி வைத்தால் பென்டாவேலன்ட் என்கிற ஐந்து நோய்களுக்கான தடுப்பு மருந்து உறைந்து கெட்டுவிடும், சூடு பட்டால் காட்டிக்கொடுக்கக் குப்பியில் அடையாளம் இருக்கிறது, உறைந்துபோனால் அது காட்டாது, கெட்டது தெரியாமல் நாங்களும் போட்டுவிடுவோம் என்றார். அந்தக் காலைநேரத்தில் அவர் அவசரப்பட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. குழந்தைக்கு ஊசி போட்டதாகக் கார்டில் பதிவாகியிருக்கும், ஆனால் தொண்டை அடைப்பானோ கக்குவான் இருமலோ வந்தால் தடுக்க உடம்பில் எதுவும் இருந்திருக்காது. ஊர் ஊராகப் போய்ப் போடுகிற ஊசிக்கு உயிர் இருக்கிறதா என்பது அந்தச் சத்தத்தில் இருக்கிறது, அதை எந்த மேடையில் வாசிப்பார்கள்?

கேரள-தமிழ்நாட்டு எல்லையில் இன்னொரு வேலையும் உண்டு. நம் பெண்கள் பிரசவத்துக்குப் பொள்ளாச்சிப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போவார்கள், முதல் ஊசி அங்கே, அடுத்தது இங்கே, கார்டு மாமியார் பெட்டியில். எல்லையிலிருக்கும் வேலந்தாவளம் தாண்டினால் பதிவேடும் மாறிவிடும். குழந்தை நடுவில் தொலைந்துபோகாமல் அந்தப் பக்கத்து நர்ஸுக்குப் போன் போட்டு, தேதி கேட்டு, தன் நோட்டில் குறித்துக்கொள்வது சின்னம்மா மாதிரிப் பெண்கள்தான். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் ஒரு குழந்தைக்குக்கூடக் காட்டு போலியோ வரவில்லை, 2014 மார்ச்சில் அதற்குச் சான்றிதழும் கிடைத்தது. அது இப்படிப்பட்ட நோட்டுகளால் கிடைத்தது.

சரி, பரிந்துரைக் கடிதம். எழுதுங்கள், நல்லதுதான். தியாகம், புனிதம் எதுவும் வேண்டாம், அவர் நோட்டில் இருப்பதை எழுதுங்கள். ஆனால் அதற்கு முன்னால் பஞ்சாயத்துத் தலைவருக்கும் மாவட்ட மருத்துவ அலுவலருக்கும் வேறொரு மனு எழுத வேண்டும்: மே 31 அன்று சின்னம்மா எழுந்துபோகிற நாற்காலியில் ஜூன் 1 அன்று ஒருவர் இருக்க வேண்டும், பக்கத்து சப் சென்டர் காலியாக இருந்தால் அதிலும். அவர் கையால் ஊசி போட்டு வளர்ந்தவர்கள் பாதி ஊர் என்றீர்களே, அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்குங்கள். மலையாளத்திலும் தமிழிலுமாக எழுதி எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா