கட்டில்களுக்கு நடுவே இரண்டரை அடி

(ராணுவ முகாம்களில் பரவும் தொற்றுநோய்களை ஆராய்ந்து ஓய்வு பெற்று, இப்போது குன்னூரில் வசிக்கும் டாக்டரம்மா வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

மகன் ராணுவத்தில் சேர்ந்து வடக்கே பயிற்சியில் இருக்கிறான். போன சில வாரங்களிலேயே காய்ச்சல், இருமல். கூடத் தங்கியிருக்கும் பாதிப் பேருக்கும் அதேதானாம். மழையில் நனைந்தே வளர்ந்த பிள்ளை. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையா, குளிரா?
– ஒரு தாய், கோத்தகிரி

இரண்டும் முதல் காரணம் இல்லை அம்மா. கோத்தகிரிக் குளிரைப் பார்த்தவனை வேறு எந்தக் குளிர் என்ன செய்துவிடும்? பல ஊர்ப் பிள்ளைகள் ஒரே சமயத்தில் வந்து ஒரே கூடத்தில் படுக்கிறார்கள். ஒருவன் தொண்டையில் சாதுவாக இருக்கும் கிருமி, பக்கத்துக் கட்டில்காரன் உடம்புக்குப் புதிது. போதாததற்குத் தூக்கக் குறைவும் களைப்பும்.

முதல் உலகப்போர் காலத்தில் கிளவர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், வீரர்கள் நெருக்கியடித்துத் தங்கியிருந்த ஒரு முகாமில் மூளைக்காய்ச்சலை ஆராய்ந்தார். கட்டில்கள் நெருங்க நெருங்க, தொண்டையில் அந்தக் கிருமியைச் சுமப்பவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். நடுவே இரண்டரை அடியாவது விட்டுக் கட்டில்களைத் தள்ளிப் போட்டதும் குறைந்தார்கள். இன்றும் எந்த முகாமுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது அந்த இடைவெளியைத்தான். பள்ளி விடுதிகளிலும் இதைப் பார்க்க வேண்டும், யாரும் பார்ப்பதில்லை.

அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேருபவர்களை, காய்ச்சலும் இருமலும் தரும் அடினோவைரஸ் என்ற கிருமியின் 4, 7 என்ற இரண்டு வகைகள் படாத பாடு படுத்தின. 1971 முதல் அதற்குத் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள், காய்ச்சல் அடங்கியது. தொண்ணூறுகளில் தயாரிப்பு நின்று 1999இல் கையிருப்பும் தீர்ந்தது. காய்ச்சல் திரும்பி வந்தது. 2011இல் மாத்திரை மறுபடி வந்ததும் மளமளவென்று இறங்கியது.

மகனிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பயிற்சியில் பின்தங்கி அடுத்த பேட்சுக்குத் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து காய்ச்சலை மறைக்கக் கூடாது. கடுமையான தலைவலி, கழுத்தை மடக்க முடியாத விறைப்பு, தோலில் சிவப்பாகவோ ஊதாவாகவோ புள்ளிகள், இதில் எது வந்தாலும் அந்த நிமிடமே எம்.ஐ. ரூமுக்கு, அதாவது முகாமின் மருத்துவ அறைக்குப் போக வேண்டும். இந்தப் பயத்தால் தாமதமாக வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ராணுவத்தினரை ஆராய்வதால் எங்களைப் போன்ற சாதாரண மக்களுக்கு என்ன பயன்?
– கல்லூரி மாணவர், ஊட்டி

நல்ல கேள்வி தம்பி. ஊட்டி ஆஸ்பத்திரியில் இன்று நாற்பது பேர் காய்ச்சலோடு வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேரில் நாற்பது? சீசன் கூட்டம் எவ்வளவு, கூடலூரிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர், வீட்டிலேயே கஷாயம் குடித்துப் படுத்தவர்கள் எத்தனை பேர்? வீரர்கள் தங்கும் பாரக்ஸில் இந்தத் திண்டாட்டம் இல்லை. நேற்று இரவு அங்கே எத்தனை பேர் படுத்தார்கள் என்பது ரெஜிஸ்டரில் இருக்கும். நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான், நோயாளிகள் பட்டியல் அப்புறம்.

அமெரிக்க ராணுவம் வீரர்களின் ரத்த மாதிரிகளைப் பல வருடங்களாகச் சேமித்து வைக்கிறது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீரர்களைக் கொண்ட அந்தத் தொகுப்பை வைத்து, எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் தொற்றியவர்களுக்கு, மூளையையும் தண்டுவடத்தையும் பாதிக்கும் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்ற நோய் வரும் அபாயம் 32 மடங்கு கூடுகிறது என்று 2022இல் காட்டினார்கள். நோய் வருவதற்குப் பல வருடம் முன்பு எடுத்த ரத்தம் கையில் இல்லாமல் அதைச் சொல்லியிருக்க முடியாது.

உங்கள் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. ராணுவ மருத்துவர் ரொனால்ட் ராஸ் 1897இல் ஊட்டிக்கு வந்து, மலேரியாவைத் தேடிச் சீகூர் பக்கம் இறங்கினார். அவரையே மலேரியா பிடித்தது. அதே வருடம் ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார்.

ஆனால் வீரர்கள் இளைஞர்கள், சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், பெரும்பாலும் ஆண்கள். அவர்களிடம் கண்டதை உங்கள் பாட்டிக்கோ கைக்குழந்தைக்கோ அப்படியே பொருத்த முடியாது. இன்னொன்று, மேலதிகாரி பக்கத்தில் நிற்கும்போது எந்த ஜவானும் ‘என் ரத்தத்தைத் தர மாட்டேன்’ என்று சொல்ல மாட்டான். அதிகாரி வெளியே போன பிறகுதான் சம்மதம் கேட்க வேண்டும். என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன்.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். ஒரு வாரமாகக் காய்ச்சல். இடுப்பில் சிகரெட்டால் சுட்டது போல் ஒரு கறுப்புப் புண், வலியே இல்லை.
– வாசகி, குந்தா

இதைப் படித்ததும் கிளம்பி டாக்டரிடம் போங்கள். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பூச்சி கடித்து வருவது. இரண்டாம் உலகப்போரில் பர்மா எல்லையில் வீரர்களை வாட்டி எடுத்தது. அப்போது சரியான மருந்து கிடையாது, பூச்சி அண்டாமலிருக்க உடுப்பில் மருந்து தடவிப் பார்த்தார்கள். இப்போது டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரை இருக்கிறது. காலத்தில் சாப்பிட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். தள்ளிப்போட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். கூச்சப்படாமல் அந்தப் புண்ணைக் காட்டுங்கள், தோட்டத்தில் வேலை பார்ப்பதையும் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், மாத்திரையை மாற்றித் தருவார்கள்.