கை கொடுப்பதும் கையை எடுப்பதும்

அன்புள்ள அக்காவுக்கு,

டெக்சாஸில் இருந்து எழுதுகிறேன். வயது 38. ஊரில் பி.காம். முடித்து, கல்யாணமாகி இங்கே வந்து 12 வருடம் ஆகிறது. போன வருடம்தான் கிரீன் கார்டு வந்தது. பிள்ளைகளும் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். இனி ஒரு வேலைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் பிசிக்கல் தெரபிஸ்ட் அசிஸ்டென்ட், அதாவது இயன்முறை சிகிச்சை உதவியாளர் படிப்பு இருக்கிறது. நீங்கள் அந்த வேலையில் இருப்பதை உங்கள் கட்டுரைகளில் படித்திருக்கிறேன். வீட்டில் சொன்னால், "ஆளைப் பிடித்து நடத்திக் கூட்டிப் போகிற எடுபிடி வேலைக்கு இரண்டு வருடப் படிப்பா?" என்கிறார்கள். அசிஸ்டென்ட் என்கிற பெயர் எனக்கும் கொஞ்சம் உறுத்துகிறது. இந்த வயதில் அனாடமி மண்டையில் ஏறுமா என்றும் பயம். பேசாமல் கம்ப்யூட்டர் கோர்ஸ் ஏதாவது படிக்கட்டுமா?

வி.

அன்புள்ள வி.,

அந்த "எடுபிடி" எனக்கும் புதிதல்ல. 41 வயதில் நான் சேர்ந்தபோது ஊரிலிருந்து போனில் வந்த முதல் சொல் அதுதான். ரொம்ப நாள் அதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் வருடம் கிளினிக்கல் பயிற்சிக்குப் போன இடத்தில்தான் தெரிந்தது.

பக்கவாதம் வந்து இடது பக்கம் தளர்ந்துபோன ஒரு பெரியவர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார், எழுந்து நிற்க வேண்டும். கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபடி எல்லாம் செய்தேன். இடுப்பில் கெய்ட் பெல்ட் என்கிற பட்டையான துணி பெல்ட்டைக் கட்டி, உள்ளே இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இறுக்கினேன். பாதங்களை முட்டிக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ளச் சொன்னேன். தளர்ந்த பக்கம் நின்று, பெல்ட்டைக் கீழிருந்து கைவிட்டுப் பிடித்தேன். "மூக்கு கால்விரலைத் தாண்டி முன்னால் வரட்டும். ஒன்று, இரண்டு, மூன்று" என்றேன். அவர் அசையவில்லை. நான் தூக்கிவிட்டேன். நின்றார். எனக்கு ஒரே சந்தோஷம்.

பயிற்சி கொடுக்கிற அம்மா பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "இப்போது எழுந்தது யார்?"

மறுபடி உட்கார வைத்தோம். மறுபடி மூன்று எண்ணினேன். இந்த முறை அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், இழுக்க விடவில்லை. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஏழு, எட்டு, ஒன்பது. பக்கவாதம் வந்த பிறகு, காதில் விழுந்த சொல் கால் வரைக்கும் போய்ச் சேர நேரமாகும் என்று படித்திருந்தேன். அது எவ்வளவு நேரம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பதினொன்று எண்ணும்போது பெரியவரின் தொடை இறுகியது. முன்னால் சாய்ந்தார். எழுந்தார். பெல்ட்டைப் பிடித்திருந்த என் கையில் கனமே தெரியவில்லை.

அவருக்காக நாமே செய்துவிடுவதற்குப் பெயர்தான் எடுபிடி. அதற்குப் படிப்பு வேண்டாம், உங்கள் வீட்டில் சொல்வது சரி. ஆளை விழவும் விடக் கூடாது, நாமாகத் தூக்கியும் விடக் கூடாது. அந்த இடைவெளியில் கையை வைத்திருக்கப் பழகத்தான் இரண்டு வருடம் வேண்டியிருக்கிறது.

நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். என் பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து ஆபரேஷன் முடிந்து வந்தபோது, தண்ணீர் டம்ளரைக்கூட அவரை எடுக்கவிட்டதில்லை. "நீ உட்காரு ஆத்தா, நாங்க பார்த்துக்கறோம்" என்று ஆளுக்கொரு பக்கம் தாங்கினோம். ஆறு மாதத்தில் தொடைச் சதை கரைந்து அவரால் எழவே முடியாமல் போனது. அத்தனையும் பாசத்தில் செய்தது. இந்தப் படிப்பில் தசை எப்படி வற்றுகிறது என்ற பாடம் நடந்த அன்று, வகுப்பு முடிந்து காரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, அசிஸ்டென்ட் என்கிற பெயருக்கு வருகிறேன். நோயாளியை முதலில் சோதித்துப் பார்ப்பது, சிகிச்சைத் திட்டம் போடுவது, அதை மாற்றுவது, போதும் என்று முடித்துவைப்பது எல்லாம் பிசிக்கல் தெரபிஸ்டின் பொறுப்பு. திட்டத்தின்படி அன்றாடம் நோயாளியோடு நின்று சிகிச்சை தருவது நம் வேலை. தெரபிஸ்டுகள் போதாமல்தான் அமெரிக்க பிசிக்கல் தெரபி சங்கம் 1967இல் இப்படியொரு பணியை ஏற்றுக்கொண்டது. மயாமியிலும் மினியாபொலிஸிலும் இருந்த இரண்டு கல்லூரிகளிலிருந்து 1969இல் முதல் 15 பேர் படித்து வெளியே வந்தார்கள். தெரபிஸ்டுக்குக் கீழேதான் இருப்போம், அதை மறைக்க மாட்டேன். மூத்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், நாம் தரும் சிகிச்சைக்கு 2022லிருந்து, தெரபிஸ்ட் தந்தால் கொடுக்கும் தொகையில் 85 சதவீதம்தான் கொடுக்கிறது. இதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. தெரபிஸ்ட் ஆவதற்கு இதை முதல் படி என்று நினைத்தும் சேராதீர்கள். அது மூன்று வருட டாக்டர் பட்டம், அதற்கு முன்னால் இளங்கலை, அறிவியல் பாடங்கள் என்று பாதையே வேறு.

ஆனால் யோசிக்காமல் சொன்னதைச் செய்கிற வேலை என்று மட்டும் எண்ண வேண்டாம். முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்த ஒருவர் காலையில் வருகிறார். திட்டத்தில் முட்டியை மடக்கும் பயிற்சி என்று இருக்கிறது. கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருக்கிறது, தொட்டால் வலிக்கிறது. உள்ளே ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். பயிற்சியை நிறுத்தி உடனே தெரபிஸ்டுக்குச் சொல்ல வேண்டியது, அந்தக் காலைத் தொட்ட நீங்கள்தான்.

அனாடமி ஏறும். மனப்பாடமாக வராது, கை வழியாக வரும். கோனியோமீட்டர் என்ற மூட்டுக்கோண அளவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை கொஞ்சம்தான். வீட்டுக்காரர் டிவி பார்க்கும்போது அவர் முட்டியில் வையுங்கள். நடு அச்சு முட்டியின் வெளிப்பக்க எலும்பு மேட்டில். அளவியின் ஒரு கரம் தொடையெலும்பின் உச்சியில் பக்கவாட்டில் துருத்துகிற மேட்டை நோக்கி. இன்னொன்று கணுக்காலின் வெளிப்புடைப்பை நோக்கி. முதல் நாள் நான் அந்த மூன்று மேடுகளையும் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆனது. ஒரு மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு தொட முடிந்தது. அப்புறம் எலும்பின் பெயர்கள் மறக்கவில்லை.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லேப் வகுப்பில் மாணவர்கள் ஒருவர் உடம்பில் ஒருவர் பழக வேண்டும். தோள்பட்டையும் தொடையும் தெரிகிற உடையில், ஆண்களும் பெண்களுமாக. சேலையிலும் சுடிதாரிலும் வளர்ந்த எனக்கு முதல் வாரம் அழுகையே வந்தது. ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். பெண்ணோடு ஜோடி சேர்த்துவிட்டார். பிறகுதான் கவனித்தேன், துணியால் போர்த்தி, வேலை நடக்கும் இடத்தை மட்டும் திறந்து வைப்பதையே ஒரு பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், மதிப்பெண்ணும் உண்டு. அந்தக் கூச்சம் எனக்கு உதவியது. படுக்கையில் கிடக்கும் பாட்டிக்குப் போர்வை விலகினால் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நடைமுறைக்கு வருவோம். கல்லூரிக்கு, பிசிக்கல் தெரபி படிப்புகளைச் சரிபார்க்கிற கேப்டி (CAPTE) என்கிற அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அது இல்லாவிட்டால் லைசென்ஸ் தேர்வு எழுத வழியில்லை. தேர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் நடக்கும். 200 முதல் 800 வரையான அளவில் 600 வந்தால் தேர்ச்சி. உங்கள் பி.காம். சான்றிதழை இங்கே மதிப்பிடச் செய்தால் சில பொதுப் பாடங்கள் கழியலாம், ஆனால் அனாடமி, பிசியாலஜி இரண்டையும் லேபோடு படித்துத்தான் ஆக வேண்டும். சேர்க்கைக்குப் போட்டி உண்டு, அந்தப் பாடங்களின் மதிப்பெண்ணைத்தான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். கடைசியில் ஏறக்குறைய 16 வாரம் முழுநேரப் பயிற்சி, சம்பளம் கிடையாது. அந்த நாட்களில் பிள்ளைகளை யார் அழைத்து வருவது என்பதை இப்போதே வீட்டில் பேசி வையுங்கள். எங்கள் வகுப்பில் பாதியில் நின்ற இரண்டு பேரும் பாடம் கஷ்டமாகி நிற்கவில்லை, இந்த ஏற்பாடு இல்லாமல்தான் நின்றார்கள்.

கம்ப்யூட்டர் கோர்ஸ் உங்களுக்குப் பிடித்திருந்தால் படியுங்கள். பெயரில் அசிஸ்டென்ட் இருக்காது என்பதற்காக மட்டும் வேண்டாம்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். பக்கத்தில் ஒரு தெரபி கிளினிக்கில் கேட்டு, ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி வாங்குங்கள். பல கல்லூரிகள் விண்ணப்பத்தோடு அதைக் கேட்கவும் செய்கின்றன. அங்கே அசிஸ்டென்டின் முகத்தைப் பார்க்க வேண்டாம், கையை மட்டும் பாருங்கள். எப்போது தொடுகிறது, எப்போது விலகுகிறது, விலகிய பிறகு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது. பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா